கன்ஸ்ட்ரக்டரில் 4 என்று கொடுத்த மதிப்பு மெத்தடுக்குள் 0 ஆகத் தெரிவது ஏன்?

கேள்வி

வணக்கம். ஜாவாவில் ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்தைக் கற்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. நூலகத்தில் நூல் எடுக்கும் வாசகர்களுக்காக ஒரு சிறிய கிளாஸ் எழுதினேன். இரண்டு நாள்களாக அதில் ஒரு பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஜாவாவின் குறிச்சொற்களையும் ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

கிளாஸ் வாசகர் {
    ஸ்ட்ரிங் பெயர்;
    இன்ட் வரம்பு;
    லிஸ்ட்<ஸ்ட்ரிங்> எடுத்தவை = நியூ அரேலிஸ்ட்<>();

    வாசகர்(ஸ்ட்ரிங் ப) {
        பெயர் = ப;
        இன்ட் வரம்பு = 4;
    }

    பூலியன் எடு(ஸ்ட்ரிங் நூல்) {
        இஃப் (எடுத்தவை.சைஸ்() >= வரம்பு) ரிட்டர்ன் ஃபால்ஸ்;
        எடுத்தவை.ஆட்(நூல்);
        ரிட்டர்ன் ட்ரூ;
    }
}

ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு நூல்கள் வரை வைத்திருக்கலாம் என்பதே நான் எழுத நினைத்த விதி. ஆனால் புதிதாக உருவாக்கிய வாசகருக்கு முதல் நூலைக் கொடுக்க முயன்றாலே ‘எடு’ மெத்தட் ஃபால்ஸ் என்று மறுத்துவிடுகிறது. எங்கே தவறுகிறது என்று பார்ப்பதற்காக, ஆப்ஜெக்ட் உருவாகும்போது இயங்கும் கன்ஸ்ட்ரக்டரின் கடைசி வரியாக வரம்பை அச்சிட்டேன். 4 என்று வந்தது. ‘எடு’ மெத்தடின் முதல் வரியிலும் அதையே அச்சிட்டேன். 0 என்று வந்தது. இவை இரண்டுக்கும் நடுவே அந்த மாறியைத் தொடுகிற வரி நிரலில் வேறெங்கும் இல்லை என்பதை வரிவரியாகத் தேடி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

எண்ணை நேரடியாக எழுதுவதுதான் காரணமோ என்ற ஐயத்தில், கன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டாவது பாராமீட்டராக (வெளியிலிருந்து மதிப்பைப் பெறும் மாறியாக) ‘இன்ட் வரம்பு’ என்று சேர்த்து, உள்ளே ‘வரம்பு = வரம்பு;’ என்று எழுதிப் பார்த்தேன். அதற்கும் 0 தான் கிடைத்தது. இரண்டு முறையும், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நான் கொடுத்த 4 எங்கே போகிறது, இவ்வளவு பெரிய தவறைக் கம்பைலர் ஏன் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1

இரண்டு இடங்களிலும் அச்சிட்டுப் பார்த்தது நல்ல வேலை. விடை அந்த இரண்டு அச்சு வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாறியை அச்சிட்டதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். ஆனால் உங்கள் நிரலில் ‘வரம்பு’ என்ற பெயரில் இரண்டு மாறிகள் இருக்கின்றன.

முதலாவது, கிளாஸின் தொடக்கத்தில் அறிவித்த இன்ஸ்டன்ஸ் மாறி. ஒவ்வொரு வாசகர் ஆப்ஜெக்ட் உருவாகும்போதும் அதற்கென ஒன்று உருவாகி, அந்த ஆப்ஜெக்ட் இருக்கும் வரை அதனுடனேயே இருக்கும். இரண்டாவது, கன்ஸ்ட்ரக்டருக்குள் ‘இன்ட் வரம்பு = 4;’ என்று எழுதியபோது பிறந்தது. ஒரு பெயருக்கு முன்னால் தரவினத்தை எழுதினால், ஏற்கெனவே இருக்கிற மாறிக்கு மதிப்பு கொடுப்பதாக ஜாவா அதை எடுத்துக்கொள்வதில்லை. அந்த இடத்தில் புதிய மாறி ஒன்றை உருவாக்கச் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறது. கன்ஸ்ட்ரக்டருக்குள் பிறந்ததால் அது அதற்குரிய உள்மாறி. அதன் வரையெல்லை அந்த அடைப்புக்குறிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் இருக்கும்வரை ‘வரம்பு’ என்று எழுதினால் அருகிலிருக்கும் உள்மாறியே அகப்படும். வெளியிலுள்ள இன்ஸ்டன்ஸ் மாறி அதன் நிழலில் மறைந்து நிற்கும். கன்ஸ்ட்ரக்டர் வேலையை முடித்ததும் உள்மாறியும் அதிலிருந்த 4 என்ற மதிப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. இன்ஸ்டன்ஸ் மாறிக்கு மதிப்பு கொடுத்தவர் எவரும் இல்லை.

அப்படியானால் 0 எங்கிருந்து வந்தது? ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே அதன் இன்ஸ்டன்ஸ் மாறிகளுக்கு ஜாவா தொடக்க மதிப்பைக் கொடுத்துவிடுகிறது: எண்களுக்கு 0, பூலியனுக்கு ஃபால்ஸ், ஸ்ட்ரிங், லிஸ்ட் போன்றவற்றுக்கு நல் (எதையும் சுட்டாத வெற்று நிலை). உள்மாறிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. மதிப்பு கொடுக்காத உள்மாறியைப் படிக்க முயன்றால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். உங்களுக்குக் கம்பைலரிடமிருந்து எதிர்ப்பு வராததற்கு இந்த வேறுபாடே முதன்மைக் காரணம்: மறந்துபோன இன்ஸ்டன்ஸ் மாறி வெறுமையாக இல்லாமல் 0 என்ற முறையான மதிப்புடன் இருக்கிறது. எடுத்த நூல்களின் எண்ணிக்கை 0, வரம்பும் 0; 0 >= 0 என்பது உண்மை. எனவே முதல் நூலிலேயே ‘வரம்பு நிரம்பிவிட்டது’ என்று உங்கள் மெத்தட் எவ்விதத் தவறும் இன்றிச் சரியாகவே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது.

இதே தவறை ‘எடுத்தவை’ என்ற லிஸ்டில் செய்திருந்தால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வந்து நிரல் நின்றிருக்கும், நீங்களும் விரைவில் கண்டுபிடித்திருப்பீர்கள். ஜாவா 15 முதல் அந்தப் பிழைச்செய்தியிலேயே எது நல் என்பதும் இயல்பாகச் சொல்லப்படுகிறது. அதில் பெயருக்கு முன் ‘திஸ்.’ என்று இருந்தால், வெறுமையாக இருப்பது இன்ஸ்டன்ஸ் மாறி என்று புரிந்துகொண்டு நேராகக் கன்ஸ்ட்ரக்டருக்குப் போய்ப் பாருங்கள். எண்களில்தான் இந்தத் தவறு ஓசையின்றி வாழ்கிறது.

உங்கள் இரண்டாவது முயற்சியின் வேரும் இதுவே. பாராமீட்டரும் உள்மாறிதான். எனவே ‘வரம்பு = வரம்பு;’ என்ற வரியில் சமக்குறியின் இருபுறமும் நிற்பது அந்தப் பாராமீட்டரே; அது தன் மதிப்பைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறது. ‘திஸ்.வரம்பு = வரம்பு;’ என்று எழுதுங்கள். ‘திஸ்’ என்றால் இப்போது உருவாகிக்கொண்டிருக்கும் இந்த ஆப்ஜெக்ட். அதன் வழியாகக் கேட்டால் நிழலைத் தாண்டி இன்ஸ்டன்ஸ் மாறியை அடையலாம். முதல் வடிவத்தையே வைத்துக்கொள்வதானால் ‘இன்ட்’ என்ற ஒரு சொல்லை அழித்தாலே போதும்.


மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் முழுவதும் சரி. ஆனால் ‘திஸ்’ எழுதப் பழகிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். பின்வரும் வரிகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

வாசகர்(ஸ்ட்ரிங் பெயர், இன்ட் வரம்ப) {
    திஸ்.பெயர் = பெயர்;
    திஸ்.வரம்பு = வரம்பு;
}

பாராமீட்டரின் பெயரில் ஓர் உகரம் விடுபட்டிருக்கிறது. ‘திஸ்’ முறையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் சமக்குறிக்கு வலப்புறமுள்ள ‘வரம்பு’ என்ற பெயரில் இப்போது உள்மாறி எதுவும் இல்லாததால், அது இன்ஸ்டன்ஸ் மாறியையே குறிக்கிறது. மாறி தன்னிடமுள்ள 0 என்ற மதிப்பைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறது. கம்பைலர் இதையும் ஏற்றுக்கொள்கிறது. நான் பணியாற்றிய ஒரு குழுவில் இப்படி ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் ஏற்பட்ட பிழையைத் தேடுவதிலேயே ஒரு முழுநாள் கழிந்தது. ஏனென்றால் பார்த்த எல்லோருடைய கண்ணும் ‘திஸ்’ இருக்கிறதா என்று மட்டுமே தேடியது.

எனவே நான் வலியுறுத்த விரும்புவது ‘ஃபைனல்’ என்ற சொல்லை. கன்ஸ்ட்ரக்டரில் ஒருமுறை மதிப்பு பெற்றபின் மாறக்கூடாத இன்ஸ்டன்ஸ் மாறிகள் அனைத்தையும் ‘ஃபைனல் இன்ட் வரம்பு;’ என்ற வடிவில் அறிவியுங்கள். அப்போது ஜாவா அந்த மாறிக்கு 0 என்ற தொடக்க மதிப்பு போதும் என்று விட்டுவிடாது. கன்ஸ்ட்ரக்டர் முடிவதற்குள் அதற்கு மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மெய்ப்பிக்கச் சொல்லி நிற்கும். உங்கள் முதல் வடிவம், இரண்டாவது வடிவம், நான் மேலே காட்டிய எழுத்துப்பிழை ஆகிய மூன்றுமே அப்போது கம்பைல் ஆகாது. பழக்கத்தை நம்பி நிற்பதைவிடக் கம்பைலரைக் காவலுக்கு நிறுத்துவது மேல்.

பாராமீட்டருக்கு ‘புதியவரம்பு’ என்று வேறு பெயர் வைத்தாலும் குழப்பம் குறையும் என்பது உண்மையே. சிலர் இன்ஸ்டன்ஸ் மாறிகளின் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு போடுவார்கள். உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவார்கள் என்றால் அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உள்ளே தரவினத்தை மறுபடியும் எழுதிவிடும் தவறை எந்தப் பெயரிடும் முறையும் தடுக்காது.


மறுமொழி 3

கேட்டவர் ஜாவா பயில்கிறார் என்றாலும், இதே சிக்கல் பைத்தானில் வேறு முகத்துடன் வருகிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு வருகிறவர்கள் பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

பைத்தானில் மாறியை அறிவிக்க எந்தச் சொல்லும் தேவையில்லை. மதிப்பு கொடுப்பதே அறிவிப்பு. எனவே தொடக்க மெத்தடுக்குள் (ஜாவாவின் கன்ஸ்ட்ரக்டர் போன்றது) ‘செல்ஃப்.வரம்பு = 4’ என்பதற்குப் பதிலாக (‘செல்ஃப்’ இங்கே ஜாவாவின் ‘திஸ்’ போன்றது) ‘வரம்பு = 4’ என்று மட்டும் எழுதினால், உள்மாறி ஒன்று பிறந்து அங்கேயே மறைந்துவிடும். ஆனால் பைத்தான் இன்ஸ்டன்ஸ் மாறிகளுக்கு 0 என்ற தொடக்க மதிப்பைத் தானாகக் கொடுப்பதில்லை. ஆகவே பிறகு ‘செல்ஃப்.வரம்பு’ என்று படிக்கும்போது அப்படி ஒரு பண்பே இந்த ஆப்ஜெக்டில் இல்லை என்று நிரல் நின்றுவிடும். இவ்வகையில் ஜாவாவைவிடப் பைத்தான் இதை வெளிப்படையாகவே காட்டிக்கொடுக்கிறது.

உண்மையில் ஆபத்தானது இதற்கு எதிர்த்திசையில் நடக்கும் தவறு. ஜாவாவில் பழகிய கை, இன்ஸ்டன்ஸ் மாறிகளைக் கிளாஸின் தொடக்கத்தில் எழுதத் துடிக்கும்.

கிளாஸ் வாசகர்:
    எடுத்தவை = []

    டெஃப் எடு(செல்ஃப், நூல்):
        செல்ஃப்.எடுத்தவை.அப்பெண்ட்(நூல்)

ஜாவாவில் அந்த இடத்தில் எழுதினால் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனி லிஸ்ட் கிடைக்கும். பைத்தானில் அங்கே எழுதியது கிளாஸுக்குச் சொந்தம். எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் பொதுவாக இருக்கும் ஜாவாவின் ‘ஸ்டாட்டிக்’ மாறிக்கு நெருங்கியது. முதல் வாசகர் ஒரு நூலை எடுத்தவுடன் இரண்டாவது வாசகரின் கணக்கிலும் அந்த நூல் தோன்றும். ஏனெனில் ‘செல்ஃப்.எடுத்தவை’ என்று படிக்கும்போது பைத்தான் முதலில் ஆப்ஜெக்டில் தேடுகிறது. அங்கே இல்லாவிட்டால் கிளாஸில் தேடுகிறது. கிளாஸில் இருக்கும் அந்த ஒரே லிஸ்டை எல்லா வாசகர்களுக்கும் எடுத்து நீட்டுகிறது.

ஒரே ஒரு வாசகரை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அதோடு, எண்களை வைத்துச் சோதித்தாலும் தெரியாது என்பதுதான் பலரைக் குழப்புகிறது. கிளாஸில் ‘எண்ணிக்கை = 0’ என்று வைத்துவிட்டு மெத்தடுக்குள் ‘செல்ஃப்.எண்ணிக்கை += 1’ என்று எழுதினால், படிக்கும்போது கிளாஸின் 0 கிடைக்கிறது, எழுதும்போதோ ஆப்ஜெக்டுக்கென்று புதிய பண்பு உருவாகிறது. எனவே எண்ணிக்கை சரியாகத் தனித்தனியாக இயங்குகிறது; அதற்கு அடுத்த வரியிலிருக்கும் லிஸ்ட் எல்லோருக்கும் பொதுவாகிறது. படிப்பதற்கு ஒரு விதி, எழுதுவதற்கு வேறொரு விதி என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் இரண்டும் புரிந்துவிடும். தொடக்க மெத்தடுக்குள் ‘செல்ஃப்.எடுத்தவை = []’ என்று எழுதுவதே சரியான வழி.

சி++ பற்றியும் ஒரு சொல். அங்கே கன்ஸ்ட்ரக்டரின் தொடக்கப்பட்டியலில் (உடற்பகுதிக்கு முன் உறுப்புகளுக்கு முதல் மதிப்பைத் தரும் இடம்) ‘வரம்பு(வரம்பு)’ என்று எழுதினால் அது சரியாகவே வேலை செய்யும். அடைப்புக்குறிக்கு வெளியிலுள்ள பெயரைக் கிளாஸின் உறுப்பாகவும் உள்ளே உள்ளதைப் பாராமீட்டராகவும் அம்மொழி எடுத்துக்கொள்கிறது. ஆனால் உடற்பகுதிக்குள் ‘வரம்பு = வரம்பு;’ என்று எழுதினால் ஜாவாவின் கதைதான்; இன்னும் மோசம், ஏனெனில் மதிப்பு கொடுக்காத இன்ட் உறுப்பில் 0 இருக்கும் என்று நம்பவும் முடியாது.


கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ‘இன்ட்’ என்ற சொல்லை அழித்ததும் முதல் நான்கு நூல்களும் கிடைத்தன, ஐந்தாவது மறுக்கப்பட்டது. பிறகு மறுமொழி 2-இல் சொன்னபடி மாறக்கூடாத இன்ஸ்டன்ஸ் மாறிகள் அனைத்துக்கும் ‘ஃபைனல்’ சேர்த்தேன். சேர்த்தவுடனே, நான் சரியாக எழுதிவிட்டதாக நம்பியிருந்த இன்னொரு கிளாஸில் கம்பைலர் நின்றது. அங்கே தவணை நாள்களைக் குறிக்கும் மாறியில் இதே தவறு மூன்று வாரங்களாக இருந்திருக்கிறது. அந்த மெத்தடை நான் இதுவரை அழைத்துப் பார்க்காததால் தெரியவில்லை.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒரு மெத்தடுக்குள் ‘இன்ட் ந’ என்று அறிவித்துவிட்டு, அதற்குள்ளிருக்கும் ஃபார் சுழலில் மறுபடியும் ‘இன்ட் ந’ என்று எழுதினால் ஜாவா பிழை என்கிறது. அவ்வளவு கண்டிப்பான கம்பைலர், இன்ஸ்டன்ஸ் மாறியின் பெயரை உள்மாறிக்கு வைக்கும்போது மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறது?


மறுமொழி 4

நல்ல கேள்வி. இதற்கு ஜாவா மொழியின் விவரக்குறிப்பிலேயே காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் உள்மாறியை இன்னோர் உள்மாறி மறைப்பதைத் தடை செய்ததற்குக் காரணம், அப்படிப்பட்ட பிழைகள் கண்டுபிடிக்க மிகவும் கடினமானவை என்பதே. இன்ஸ்டன்ஸ் மாறிகளுக்கும் அதே தடையை நீட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று மொழியை வடிவமைத்தவர்கள் கருதினார்கள்.

ஏன் ஒவ்வாது என்பதை இப்படிப் பாருங்கள். நீங்கள் எழுதாத, பிறர் ஆயத்தமாக எழுதிவைத்த ஒரு நிரல்தொகுப்பிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, அதன் வழித்தோன்றலாக உங்கள் கிளாஸை எழுதுகிறீர்கள். உங்கள் மெத்தட் ஒன்றுக்குள் ‘எண்ணிக்கை’ என்ற உள்மாறி இருக்கிறது. அடுத்த ஆண்டு அத்தொகுப்பை எழுதியவர்கள் தங்கள் தாய்க்கிளாஸில் ‘எண்ணிக்கை’ என்ற புதிய உறுப்பைச் சேர்க்கிறார்கள். மறைப்பது பிழை என்ற விதி இருந்திருந்தால், நீங்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொடாத நிலையில் உங்கள் நிரல் கம்பைல் ஆகாமல் போயிருக்கும். ஓர் உள்மாறியின் அறிவிப்பும் அதை மறைக்கும் இன்னோர் உள்மாறியும் எப்போதும் ஒரே மெத்தடுக்குள், ஒரே கையால் எழுதப்படுகின்றன. இன்ஸ்டன்ஸ் மாறியோ தொலைவில், வேறொருவர் கையில் இருக்கலாம். இந்த முடிவு சரியானதென்றே நான் கருதுகிறேன், தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இது வலிக்கும் என்றாலும்.

தடை இல்லை என்பதற்காக எச்சரிக்கையும் இல்லை என்று பொருளில்லை. சி ஷார்ப் கம்பைலர் ‘வரம்பு = வரம்பு’ போன்ற வரிகளைக் கண்டால் தானாகவே எச்சரிக்கிறது. ஜாவாவில் அந்த வேலையை எழுதுகருவிகள் செய்கின்றன. எக்லிப்ஸில் பயனற்ற மதிப்பிடலுக்கான எச்சரிக்கை இயல்பாகவே இயங்குகிறது. உள்மாறி இன்னொன்றை மறைக்கிறது என்ற எச்சரிக்கையை அமைப்புகளுக்குள் போய் நாமேதான் இயக்க வேண்டும். ஜாவா நிரலைச் சோதிக்கும் கருவியான செக்ஸ்டைலில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது; கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கவும் அதில் வழியுண்டு. அந்த விலக்கைக் கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் மறைப்பதைப் பிழையாகவே நடத்துவது என் வழக்கம்.

கடைசியாக, உங்கள் நிரலில் ‘ஃபைனல்’ சேர்க்க முடியாத மாறிகளும் இருக்கும். எடுத்துக்காட்டாக, அபராதத் தொகை நாள்தோறும் மாறும். அவற்றில் இந்தத் தவறு பெரும்பாலும், பிழை நேரக்கூடிய வரிகளை வைக்கும் ட்ரை பகுதிக்குள்தான் நுழைகிறது: கோப்பைத் திறக்கும் வரியை வேறெங்கோ இருந்து நகலெடுத்து ஒட்டும்போது, அதன் முன்னால் ஒட்டியிருக்கும் தரவினமும் சேர்ந்தே வந்துவிடும். ஒட்டிய வரியின் முதல் சொல்லை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.


கேட்டவர்

எக்லிப்ஸில் அந்த எச்சரிக்கையை இப்போதுதான் இயக்கினேன். மொத்தம் ஆறு இடங்களில் மஞ்சள் குறி விழுந்திருக்கிறது. நான்கு இடங்களில் கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டர்கள், அவை ‘திஸ்’ உடன் சரியாகவே இருக்கின்றன. ஐந்தாவது, சுழலுக்குள் தெரிந்தே வைத்த பெயர், அதை மாற்றிவிட்டேன். ஆறாவது நீங்கள் சொன்னது போலவே ட்ரை பகுதிக்குள் இருக்கிறது. கோப்பிலிருந்து படித்த அபராதத் தொகை உள்மாறியோடு அங்கேயே நின்றுவிட, எல்லா வாசகர்களுக்கும் அபராதம் 0 என்று காட்டியிருக்கிறது. யாருமே தாமதமாகத் திருப்பவில்லை போலும் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.